ஒரு சின்ன சந்தேகம்

"ஒரு சின்ன சந்தேகம் மேடம்" என்றுதான் மதியழகனின் செய்தி எப்போதும் ஆரம்பிக்கும். அன்று காலையும் வினோதினி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்வதற்குள் மேசைத் திரையில் அது வந்து நின்றது.

"ஒரு சின்ன சந்தேகம் மேடம். உங்கள் வழிகாட்டி சிவநேசன் வேலையில் சேர்த்துவிடும் ஆட்கள் மட்டும் ஏன் திரும்பி வருவதே இல்லை? மற்ற வழிகாட்டிகளின் ஆட்கள் வருஷம் திரும்புவதற்குள் வேலை போய் மறுபடி நம் வாசலில் நிற்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் காரணம் தெரிந்தால், உங்களை நிரந்தரமாக்குவது பற்றி மேலே பேச வசதியாக இருக்கும்."

வினோதினிக்கு மூக்கு நுனி அரித்தது. நல்ல சந்தேகம் ஒன்று கையில் சிக்கினால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

பஸ்ஸும் லாரியும் தானே ஓட ஆரம்பித்து, தறியும் தையலும் ஆளில்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகு, வேலை போனவர்களுக்கு வாழ்வாதார வாரியம் மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துவந்தது. சும்மா இல்லை. மனுஷக் கை இன்னும் தேவைப்படுகிற வேலை எங்கே மிச்சமிருக்கிறது என்று வாரியத்தின் வழிகாட்டிகள் தேடிப் பிடித்து அவர்களைச் சேர்த்துவிடுவார்கள். மாட்டேன் என்றால் தொகை நின்றுவிடும். ஈரோட்டு மையத்தில் அப்படி ஆறு வழிகாட்டிகள். அவர்கள் உண்மையிலேயே வேலை தேடித் தருகிறார்களா, இல்லை ஒப்புக்குக் கணக்குக் காட்டுகிறார்களா என்று பார்ப்பது மேற்பார்வையாளரான வினோதினியின் வேலை.

அந்த வேலைக்கென்றே பிறந்தவள் அவள். பால்காரர் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்கிற சுபாவம். வழிகாட்டிகளில் யாரையாவது கூப்பிட்டு, குரலைத் தணித்து, "ஒரு சின்ன சந்தேகம்" என்று தொடங்கினாள் என்றால் அந்த ஆள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். கேள்வியைக் கேட்பாள். வந்த பதிலுக்குத் தலையாட்டுவாள். டீ வரவழைப்பாள். டீ உள்ளே போனதும் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பாள். இரண்டு பதிலும் ஒட்டாவிட்டால் தீர்ந்தது கதை. சொந்த மச்சானையே இரண்டு கம்பெனியில் சேர்த்ததாகக் காட்டிய ஒருவனை அவள் இப்படித்தான் பிடித்தாள்.

மண்டல அலுவலகத்து மதியழகனை அவளுக்குப் பிடித்துப்போனதற்கும் இதுதான் காரணம். நேரில் பார்த்ததில்லை, குரலைக்கூடக் கேட்டதில்லை, எல்லாம் எழுத்தில்தான். ஆனாலும் அவள் மனசில் லேசாக முளைக்கிற ஐயம் மறுநாள் காலை அவரிடமிருந்து கேள்வியாக வந்துவிடும். கொஞ்ச நாளாக, அவளுக்கு முளைப்பதற்கு முன்பே வந்துகொண்டிருந்தது. "இப்படி ஒரு அதிகாரி கெடைக்கறது அபூர்வமுங்க" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

சிவநேசனைக் கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான ஆள், அதிர்ந்து பேசமாட்டான். இதுவரை அவன்மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றியதில்லை என்பதே இப்போது குற்றமாகப் பட்டது.

"சிவா, ஒரு சின்ன சந்தேகம்."

"கேளுங்க மேடம்."

"உங்க ஆளுங்க மட்டும் எப்படிங்க போன எடத்துலயே நெலைச்சு நிக்கறாங்க?"

"நல்ல எடமாப் பாத்து விடறனுங்க."

டீ வந்தது. குடித்தார்கள். மழை வருமா என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

"மத்தவங்களும் அதே கம்பெனிகளுக்குத்தான ஆள் விடறாங்க. உங்க ஆளுங்ககிட்ட அப்படி என்ன விசேஷம்?"

"ஆளைப் பாத்துத்தானுங்க மேடம் விடறேன்."

முதலில் இடம் என்றான், இப்போது ஆள் என்கிறான். ஒட்டவில்லை. அதைவிட ஒன்று கவனித்தாள். பதில் சொல்லும்போது அவன் பார்வை அவள் முகத்தில் நிற்காமல் கழுத்தில் தொங்கிய அட்டைக்கு ஒரு தரம் போய்வந்தது. மேற்பார்வையாளர், வழிகாட்டி, வேலைக்குப் போகிற ஆள் என்று வாரியத்தோடு ஒட்டிய எல்லோர் கழுத்திலும் அந்த அட்டை தொங்கும். நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கண். வருகைப் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போட்டிருக்கிற நினைவே யாருக்கும் இருப்பதில்லை.

கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை பையனுக்கு என்று வினோதினி முடிவு கட்டினாள்.

மறுநாள் பெருந்துறை ரோட்டில் இருந்த துணிக் கிடங்குக்கு முன்னறிவிப்பில்லாமல் போய் இறங்கினாள். போனில் வாங்கி, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட சேலைகள் அங்கே குவிந்து கிடந்தன. நிஜமாகவே பிடிக்காமல் வந்ததா, கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய் போட்டோ எடுத்த பிறகு வந்ததா என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. மெஷினால் இன்னும் முடியாத வேலை. தோளில் குண்டூசித் துளை இருக்கிறதா, இடுப்புச் சுற்றில் வேர்வை இருக்கிறதா, காலடிக் கரையில் மண்டபத்துத் தூசி இருக்கிறதா, மடிப்புக்குள் மல்லிகை வாசனை இருக்கிறதா. பார்க்கப் பார்க்க வினோதினிக்கு உற்சாகமாகிவிட்டது. சம்பளம் கொடுத்துச் சந்தேகப்படச் சொல்கிறார்களே, தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

சிவநேசன் சேர்த்துவிட்ட கௌசல்யா மூன்றாவது மேசையில் இருந்தாள். நாற்பது தாண்டியவள். முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். அவளுக்கு அடுத்த மேசையில் இன்னொரு வழிகாட்டி அனுப்பிய பெண். அந்தப் பெண்ணின் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தோள், இடுப்பு, கரை, வாசனை. தோள், இடுப்பு, கரை, வாசனை. கை வழுக்கிக்கொண்டு போயிற்று.

கௌசல்யாவின் வேலையோ ஒரே அலங்கோலம். ஒரு சேலையை முதலில் முகர்ந்தாள். அடுத்ததை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். அதற்கடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். ஒன்றை எடுத்து வைத்து, தலையைச் சொறிந்து, மறுபடி எடுத்து வேறு குவியலில் போட்டாள். அப்புறம் ஒரு பச்சைப் பட்டு வந்தது. தோள் பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. எட்டி நின்ற வினோதினிக்கே பளிச்சென்று தெரிந்தது. கௌசல்யா அதைப் பார்த்தாள். நிமிர்ந்து வினோதினியைப் பார்த்தாள். பிறகு மடித்து, கட்டாத சேலைகளின் குவியலில் வைத்தாள்.

"கௌசல்யா, ஒரு சின்ன சந்தேகம். அந்தப் பச்சைச் சேலை…"

"எந்தப் பச்சைங்க மேடம்?"

கேன்டீனில் டீ வாங்கிக்கொடுத்து வேறு மாதிரி கேட்டதற்கு, "கண்ணு மங்கிருச்சுங்க" என்றாள். கண் மங்கினவளுக்கு அதற்கு முந்தின சேலையில் குண்டூசித் துளை மட்டும் எப்படித் தெரிந்ததாம்? வினோதினிக்குள் எல்லாம் கூடிவந்தது. கட்டின சேலைகளை வேண்டுமென்றே விடுகிறார்கள். திருப்பி அனுப்புகிறவர்களோடு ஏதோ ஏற்பாடு. சிவநேசனுக்குப் பங்கு. அதனால்தான் அவன் ஆட்கள் வேலையை விட்டு அசைவதில்லை.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, நிரந்தரம் ஆன மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளுக்கு அது சின்ன விஷயமில்லை. அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

கணவர் ரங்கராஜ் இலை போட்டு வைத்திருந்தார். பஸ் டிரைவராக இருந்தவர். பஸ்கள் தானே ஓட ஆரம்பித்ததும் உதவித்தொகைக்கு வந்தார். வினோதினியின் மையத்திலேயே வேறொரு வழிகாட்டி அவரை பவானி ரோட்டு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். பக்கவாதம் வந்து கை விளங்காத பெரியவர்களுக்குச் சோறு ஊட்டுகிற வேலை. மனுஷன் ஒரு நாள் லீவு போடவில்லை. அங்கிருந்த அம்மா ஒருத்தி இவர் ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்ததாகச் சொல்லிப் பூரித்துப்போவார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, போதும், நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

ரங்கராஜ் சோற்றை வைத்து, கரண்டியைச் சட்டி விளிம்பில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டினார். கரண்டி, ஸ்பூன் எது கையில் இருந்தாலும் அவருக்கு அந்த இரண்டு தட்டு தட்டியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"ஏனுங்க, ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் வினோதினி.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "மறுபடியுமா?"

"இல்லீங்க, கோவிச்சுக்காம சொல்லுங்க. அந்த இல்லத்துல நெசமா என்னதான் நடந்துச்சு?"

"போதும்னாங்க, வந்துட்டேன். இன்னும் எத்தனை தடவைதான் கேப்ப புள்ள?"

ஒன்றுமே நடக்காமலா ஒரு நல்ல வேலைக்காரனை அனுப்புவார்கள்? யாரையாவது அதட்டியிருப்பாரோ, கை ஓங்கியிருப்பாரோ, குடித்துவிட்டுப் போயிருப்பாரோ. பதில்கள் எப்போதும் ஒட்டத்தான் செய்தன. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது. ரங்கராஜ் மோரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

அடுத்த நாள் சிவநேசனைக் கூப்பிட்டு, பச்சைச் சேலை என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"மேடம், சாப்பாட்டு நேரத்துல வெளிய வெச்சுப் பேசலாமுங்களா? அட்டை இல்லாம."

மதியம் ஒரு மணி நேரம் எல்லா அட்டைகளும் சார்ஜ் ஏறுவதற்காகக் கழற்றி வைக்கப்படும். லஞ்சம் கொடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். கொடுக்கட்டும், அதையும் சேர்த்து எழுதலாம் என்று பக்கத்து பேக்கரிக்குப் போனாள்.

"உங்களுக்கு எவ்வளவுங்க பங்கு?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"பங்கெல்லாம் இல்லீங்க மேடம்." சிவநேசன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஆரம்பத்துல தெய்வானைன்னு ஒரு கேஸ் இருந்தாங்க. சோம்பேறின்னா அப்படியொரு சோம்பேறி. இன்னிக்கு செஞ்ச மாதிரி நாளைக்கு செய்ய மாட்டாங்க. அவங்களோட சேந்தவங்க அத்தனை பேரும் வேலை போயித் திரும்பி வந்துட்டாங்க. அவங்க மட்டும் இன்னும் அங்கயேதான் இருக்காங்க. அப்பறம்தான் கவனிச்சனுங்க. நல்லா வேலை செய்யறவங்கதான் மொதல்ல திரும்பி வர்றாங்க."

"அது எப்படி?"

"கழுத்துல தொங்குதுங்களே, அது பாத்துட்டே இருக்குதுங்க. ஒருத்தர் ஒரே மாதிரி, சுத்தமா, திரும்பத் திரும்பச் செஞ்சாங்கன்னா கத்துக்குது. கத்து முடிச்சதும் மெஷின் வந்துரும், ஆளு வீட்டுக்குப் போயிருவாரு. நாம சனங்களுக்கு வேலை தேடிக் குடுக்கறோம்னு நெனச்சிட்டிருக்கோம். மெஷினுக்கு வாத்தியாரு தேடிக் குடுத்துட்டு இருக்கோமுங்க."

பப்ஸ் வந்தது. இருவரும் தொடவில்லை.

"அதனால என் ஆளுங்ககிட்ட சொல்லி அனுப்பறது இதுதானுங்க. நேத்து செஞ்ச மாதிரி இன்னிக்கு செய்யாதீங்க. நடுவுல தெரிஞ்சே ஒரு தப்புப் பண்ணுங்க. வேலையும் ஓடணும், மெஷினும் கொழம்பணும்."

"தப்புப் பண்ணினா அந்தக் கண்ணுக்குத் தெரியாதா?"

"பாக்குமுங்க. ஆனா அது தப்புன்னு யாராச்சும் ஒரு மனுஷன் சொன்னாத்தான் அதுக்குத் தெரியும். அதைச் சொல்றதுக்குத்தான் மேடம், உங்களை அங்க அனுப்பிச்சிருக்காங்க."

மாட்டிக்கொண்டவர்கள் சொன்ன கதைகளை வினோதினி நிறையக் கேட்டிருக்கிறாள். இது அவற்றில் கொஞ்சம் நல்ல கதை, அவ்வளவுதான் என்று பட்டது. "இத்தனை தெரிஞ்ச நீங்க மத்த வழிகாட்டிகளுக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒருத்தராச்சும் உங்ககிட்ட வந்து சொல்லிருவாங்கன்னுதான்."

அது மட்டும் உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்னை நம்ப வேண்டாமுங்க," என்றான் சிவநேசன். "உங்க வீட்டுக்காரரு வேலை பாத்த இல்லத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. சாப்பாடு போடற நேரமாப் பாத்துப் போங்க."

தன் வீட்டு விஷயத்தை இவன் எதற்கு இழுக்கிறான் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேதான் போனாள். போகிற வழியெல்லாம் ரங்கராஜ் யார்மேல் கை ஓங்கினார் என்று இன்று தெரிந்துவிடும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

இல்லத்தின் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் தரையிலிருந்து ஒரு வெள்ளைக் கை எழும்பி நின்றது. மணிக்கட்டு, முழங்கை எல்லாம் மனுஷக் கை போலவே மடங்கியது. ஜன்னலோரம் படுத்திருந்த பெரியவருக்கு அது ராகிக் கூழை ஸ்பூனில் அள்ளியது. கிண்ணத்தின் விளிம்பில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டியது. பெரியவர் வாயைத் திறந்தார்.

வினோதினி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கட்டிலிலும் டக் டக். அதற்கடுத்த கட்டிலிலும். கூடம் முழுக்க ரங்கராஜ் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தட்டறது எதுக்குங்க?" என்று அங்கிருந்த நர்ஸைக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தாருங்க, அவரு பழக்கம் அது. தங்கமான மனுஷன். மெஷினுக்கு எதுக்கு அதுன்னு கம்பெனிக்காரங்க எடுத்துக்கூடப் பாத்தாங்க. தட்டலைன்னா பெரியவங்க யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. அதனால விட்டுட்டாங்க."

"அவரை ஏன் நிறுத்துனாங்க? ஏதாவது தப்புப் பண்ணிட்டாரா?"

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அந்த அண்ணனா? அவரு தப்பே பண்ண மாட்டாருங்களே."

வீட்டுக்கு வந்தபோது ரங்கராஜ் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வினோதினி அவர் பக்கத்தில் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்ப நான் நல்லாத்தான் செஞ்சனா புள்ள?"

"நல்லாத்தானுங்க செஞ்சிருக்கீங்க."

அவருக்குக் கண் கலங்கியது. அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக இந்த மனுஷனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தோமே என்று வெட்கமாக இருந்தது. அன்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

காலையில் மதியழகனின் செய்தி காத்திருந்தது.

"ஒரு சின்ன சந்தேகம் மேடம். சிவநேசன் விஷயம் என்னாயிற்று? துணிக் கிடங்குக்குப் போய்வந்தீர்களே."

போய்வந்ததை அவள் அவரிடம் சொல்லவில்லை. கழுத்தட்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "விசாரித்துக்கொண்டிருக்கிறேன் சார்" என்று எழுதினாள்.

"நல்லது மேடம்."

அதோடு செய்தி நின்றது. வினோதினி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆனதும் திரை மறுபடி விழித்தது.

"வேறு மாதிரி கேட்கிறேன். கௌசல்யாவின் மேசையில் நீங்கள் நேரில் பார்த்தது என்ன?"

வினோதினி அதை இரண்டு தரம் படித்தாள். கேள்வி அவளுடையது. தலையாட்டல் அவளுடையது. நடுவில் விட்ட இடைவெளியும் அவளுடையதுதான். எழுதி அனுப்புகிற ஒரு அதிகாரி எதற்காக ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும்? கிண்ணத்தில் தட்டுகிற அந்த வெள்ளைக் கை ஞாபகம் வந்தது.

மதியழகன் என்று ஒருவர் இல்லை, கழுத்தட்டை வழியாக அவளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட மெஷின்தான். இத்தனை நாளும் அவள் மெச்சி மெச்சிப் பேசிய அந்த அபூர்வமான அதிகாரி அவளேதான். தன் சந்தேகத்துக்கே அவள் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். இன்னும் ஒரே ஒரு பதில் சரியாகச் சொன்னால் போதும். தெரிந்தே செய்கிற தப்பு எப்படி இருக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அப்புறம் கௌசல்யா போவாள், சிவநேசனின் ஆட்கள் எல்லோரும் போவார்கள், கற்றுக்கொடுத்து முடித்த வாத்தியாரம்மாவும் போவாள். நிரந்தரம் ஆவது அவளில்லை, மதியழகன்தான்.

அப்படியும் அவளால் லேசில் விட முடியவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதித்தான் அவளுக்குப் பழக்கம். அதில் ஒரு கர்வமும் உண்டு. பச்சைச் சேலை, சந்தனம் என்று விரல் பாதி எழுதிவிட்டது. அழித்தாள். ஒன்றுமில்லை என்று மொட்டையாக எழுதலாமா என்று யோசித்தாள். அவளைக் கற்றுவைத்திருக்கிற அது அதை நம்பாது. அவள் ஒன்றுமில்லை என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

கடைசியில், வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்த வழிகாட்டி எழுதினாலும் கிழித்து முகத்தில் எறிந்திருக்கக்கூடிய ஒன்றை எழுதினாள்.

"சிவநேசன் நல்ல பையன். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது."

பதில் உடனே வந்தது. "அது காரணமாகாதே மேடம்."

"எனக்கு அது போதும் சார்."

அன்றிலிருந்து ஈரோட்டு மையத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் மேடம் எல்லோர் வேலையையும் பார்க்காமலே சரி என்றாள். மறுநாள் நீலச் சட்டை போட்டுவந்த இருவரைக் கூப்பிட்டு, ஏன் நீலம் என்று அரை மணி நேரம் குடைந்தாள். டீயை முதலில் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்காமலே அனுப்பினாள். ஜன்னலில் வந்து உட்காருகிற காக்காய்மேல் தனக்கு நம்பிக்கையில்லை என்று மண்டலத்துக்கு எழுதினாள். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். சிவநேசன் மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை.

மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. "தங்கள் கணிப்புகள் ஒழுங்கற்று உள்ளன. மதிப்பீடு: திருப்தியில்லை. பயிற்சி முழுமை பெறாததால் ஒப்பந்தம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது." யாருடைய பயிற்சி என்று அதில் இல்லை.

திருப்தியில்லை என்ற சொல்லை அவள் வாழ்க்கையில் யாரும் அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. வேலை தப்பியது என்று மனசு சொன்னாலும் அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது. அதற்குக் கீழேயே மதியழகனும் வந்து நின்றார்.

"ஒரு சின்ன சந்தேகம் மேடம். சமீப காலமாக நீங்கள் ஏன் மாறிவிட்டீர்கள்?"

வினோதினி கொஞ்சம் யோசித்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்று எழுதிவிட்டு எழுந்தாள். பதில் வர நெடுநேரம் ஆயிற்று என்று மேசையைத் துடைக்கிறவர் பிறகு சொன்னார்.

ரங்கராஜை அவள் சிவநேசனின் பொறுப்பில் விட்டாள். சிவநேசன் அவரைத் துணிக் கிடங்கில் சேர்த்தான். தப்பாக வேலை செய்வது அவருக்கு லேசில் வரவில்லை. "கட்டின சேலைன்னு தெரிஞ்சும் எப்படி புள்ள விடறது? கை கூசுது" என்று முதல் வாரம் புலம்பினார். கௌசல்யாதான் பக்கத்து மேசையிலிருந்து கண்ணைக் காட்டிக் காட்டிப் பழக்கினாள். காலையில் சட்டையை ஒரு நாள் இடக்கையில் முதலில் மாட்டினார், ஒரு நாள் வலக்கையில். கிடங்குக்கு ஒரே வழியாகப் போவதையும் விட்டுவிட்டார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது. சம்பளம் வந்த அன்று கறி வாங்கி வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே சமைத்து, இலை போட்டு, அவளை உட்காரவைத்தார். சோற்றை வைத்தார். குழம்பை ஊற்றினார். கரண்டியைச் சட்டிக்குள் சத்தமில்லாமல் வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

வினோதினியின் கை இலைக்குப் போகவில்லை. என்னவோ இன்னும் வரவேண்டியிருக்கிற மாதிரி காத்திருந்தாள்.

"ஏன் புள்ள, சாப்பிடலையா? உப்பு ஜாஸ்தியா?"

ஒரு சின்ன சந்தேகம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அவளாகவே சோற்றில் கையை வைத்தாள்.